சாமைக்கு யூரியா எதற்கு?

செல்போன் அதிர்ந்தது.

நின்றது.

மறுபடியும் அதிர்ந்தது...!

கரும்பலகையில் பாதி வரைந்த கார்பன் சங்கிலியை அப்படியே விட்டுவிட்டுத் திரும்பினாள் அபிநயா. அந்த மலை மேல்நிலைப் பள்ளியின் வேதியியல் ஆசிரியை. வகுப்பில் போன் எடுக்கக் கூடாது என்று சட்டம் போட்டவளே அவள்தான்.

"எடுங்க மிஸ்... நாங்க யார்கிட்டயும் சொல்ல மாட்டோம்!"

முன்பெஞ்சு சுவேதா சொல்ல, ப்ளஸ் ஒன் வகுப்பே சிரித்தது.

எடுத்தாள்.

"அபி! நான்தாண்டி, பக்கத்து வூட்டுப் பெரியம்மாள்! ஒடனே ஓடியாடி! ஒங்கப்பாவப் போலீசு புடிச்சி வச்சிக்கீறாங்க!"

"எதுக்கு சித்தி?"

"கொலைடி! ஒங்க நெலத்துத் தண்ணித் தொட்டில பொணம்! அந்த ரிசார்ட்டுக்காரன்... அருணகிரி!"

கையிலிருந்த சாக்பீஸ் இரண்டாக உடைந்தது.

அபிநயா ஸ்கூட்டரை முறுக்கினாள். இரவெல்லாம் தூறிய ஐப்பசி மழை விட்டு, ஜவ்வாது மலைமீது வெயில் சுள்ளென்று ஏறியிருந்தது. அவள் ஊர் கல்லாத்துக்கொல்லை வரை வளைவு வளைவாகப் பாதை. ஒரு வளைவில்கூட அவள் பிரேக்கைத் தொடவில்லை.

அப்பாவா...? கொலையா...?

பயிரைத் தின்ன வந்த காட்டுப்பன்றியையே கல்லால் அடிக்காமல், தகரத்தைத் தட்டி விரட்டுகிற மனுஷன்!

*

கருங்கல் கட்டிய தொட்டி. முழங்கால் ஆழம்தான். ஒரு ஆள் தாராளமாக நீட்டிப் படுக்கலாம்.

அருணகிரி நீட்டிப் படுத்திருந்தார்.

பின்மண்டை பிளந்திருந்தது. நனைந்த சட்டை. தொட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. அடைப்புக்கட்டை பிடுங்கப்பட்டு, மடை வாய் பிளந்து கிடந்தது.

சற்றுத் தள்ளி போலீஸ் ஜீப். அதன் கம்பியில், அவருடைய துண்டாலேயே கைகள் கட்டப்பட்டு நின்றிருந்தார் வீரன். அபிநயாவின் அப்பா.

"பாப்பா... நீ ஏன் பள்ளிக்கூடத்த வுட்டுட்டு வந்த?"

அவள் அந்த முடிச்சைப் பார்த்தாள். இன்ஸ்பெக்டர் சக்கரவர்த்தியின் எதிரே போய் நின்றாள்.

"எங்கப்பா கைய அவுத்து வுடுங்க சார்."

"அவுக்கறதுக்கா கட்னேன்?" சக்கரவர்த்தி பல் குச்சியைக் கடைவாய்க்கு மாற்றினார். "இன்னாம்மா... டீச்சராம்ல நீ? ஒங்கப்பாவுக்குக் கொஞ்சம் நல்லது கெட்டது சொல்லிக் குடுத்திருக்கலாமே?"

"என்ன ஆதாரம் இருக்கு?"

"மணிவேலு! இங்க வாய்யா! இந்தம்மாகிட்ட சொல்லு!"

வெள்ளைச் சட்டைக்காரன் ஒருவன் முன்னால் வந்தான். மணிவேல். செத்துப்போன அருணகிரியின் கூட்டாளி. இருவரும் நேற்றுதான் ரிசார்ட்டுக்கு இடம் பார்க்க சந்தவாசலிலிருந்து மலையேறியிருந்தார்கள்.

"நேத்து சாயங்காலம் நெலத்தக் குடுன்னு கேட்டோம். கேட்டது தப்பா சார்? ஒங்கப்பன் குதிகுதின்னு குதிச்சான். 'இன்னொரு வாட்டி இங்க கால வச்ச, இந்தத் தொட்டிதான் ஒனக்குப் பாடை'ன்னான்! ஊரே கேட்டுச்சி!"

அபிநயா திரும்பினாள்.

"அப்பா...?"

"சொன்னேன்தான்." வீரன் தலையைத் தாழ்த்தவில்லை. "இப்பக் கேட்டாலும் சொல்வேன். குடுக்க மாட்டேன்னா மாட்டேன். அதுக்கோசரம் மண்டையவா ஒடப்பேன்?"

"கேட்டியாம்மா?" சக்கரவர்த்தி கையை விரித்தார். "ஒங்கப்பனே ஒத்துக்கிறான். டாக்டர், நீங்களும் சொல்லிடுங்க."

டாக்டர் பிரகாஷ் கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்தார். மலை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்து சேர்ந்த புது டாக்டர்.

"உடம்பு ஐஸ் மாதிரி இருக்குங்க. அக்குள்ல தெர்மாமீட்டர் வச்சா நம்பரே காட்டல, 'லோ'ன்னு வருது. விறைப்பு மட்டும் சரியா வரல... ராத்திரி மழைக் குளிர்ல தாமதமாகியிருக்கும். என் கணக்குப்படி விடியறதுக்கு முன்னாடியே உயிர் போயிருக்கு."

"விடியறதுக்கு முன்னாடி நீ எங்கய்யா இருந்த?" சக்கரவர்த்தி வீரனைப் பார்த்துக் கத்தினார்.

"பரண்ல. பன்னி காவலுக்கு."

"கூட யாரு?"

"பன்னிதான்."

ஒரு கான்ஸ்டபிள் சிரித்து, சக்கரவர்த்தி முறைத்ததும் இருமலாக மாற்றிக்கொண்டார்.

"முடிஞ்சுதா? ஏத்துடா ஜீப்ல!"

அப்போதுதான் அந்தச் சத்தம்!

"ம்ம்ம்மாஆஆ...!"

தொட்டிக்குக் கீழே, வாய்க்கால் ஓரம். வீரனின் செவலைப் பசு கால்கள் பின்ன, தடுமாறி... தொப்பென்று சாய்ந்தது!

"பாப்பா! மாட்டப் பாரு! நான் எங்க போய்டப் போறேன்... நீ அத்தப் பாரு!"

கையைக் கட்டி வைத்திருக்கிறார்கள். கொலைக் கேஸ். இந்த மனுஷனுக்கு மாடு!

அபிநயா ஓடினாள்.

பசுவின் வாயில் நுரை. தோல் முழுக்க நடுக்கம். வயிறு உப்பி, மத்தளம் போல். அவள் குனிந்தாள். மூச்சுக் காற்று முகத்தில் அடித்தது.

சுரீர்!

கண்ணில் நீர் வந்துவிட்டது. இந்த நெடி...? பள்ளிக்கூட லேபில், மூடி சரியில்லாத ஒரு பாட்டிலைத் தினமும் சபித்துக்கொண்டே திறப்பாளே... அந்த நெடி!

அம்மோனியா!

"சித்தி! வூட்ல புளி எவ்ளோ கீது?"

"பானை நெறைய கீது! எதுக்குடி?"

"பானையோட கொண்டா! வாளி நெறைய தண்ணி! மூங்கில் குழாய்!"

போனில் கால்நடை டாக்டரைப் பிடித்தாள். அவர் அடுத்த மலையில், யாருடைய ஆட்டுக்கோ பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் வர்றதுக்குள்ள லேட்டாயிடும்மா! வினிகர் இருந்தா ஊத்து!"

"புளி இருக்கு சார்."

"அதுவும் அமிலம்தானே... கெட்டியா கரைச்சி ஊத்து! குளுந்த தண்ணியா ஊத்து!"

"இன்னாம்மா நடக்குது இங்க?" சக்கரவர்த்தி மேலே நின்று கத்தினார். "மனுசன் செத்துக் கெடக்கான்... நீ மாட்டுக்கு ரசம் வைக்கிறியா?"

"மனுசனுக்கு நீங்க இருக்கீங்க சார். மாட்டுக்கு யார் இருக்கா?"

சக்கரவர்த்தி ஜீப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பெரியம்மாள் மாட்டின் தாடையைப் பிடித்துக்கொண்டாள். அபிநயா முழங்கை வரை புளியில் நனைந்து, குழாய் குழாயாகப் புகட்டினாள். ஒன்று... இன்னொன்று... இன்னொன்று...

நடுக்கம் நிற்கவில்லை.

"போவாதடி... போவாத... செவல..."

வாளி காலியானது. இன்னொரு வாளி வந்தது. அதிலும் பாதி தீர்ந்தது.

பசு ஒரு பெரிய ஏப்பம் விட்டது!

அதன் காது அசைந்தது. கண் திறந்து அபிநயாவைப் பார்த்தது.

மேலே, ஜீப் கம்பியில் கட்டுண்ட வீரனின் கன்னத்தில் கண்ணீர்.

*

கார் ஒன்று கிறீச்சிட்டு நின்றது.

கதவைத் திறந்துகொண்டு இறங்கிய பெண் ஓடி வந்த வேகத்தில் இரண்டு கான்ஸ்டபிள்கள் ஒதுங்கினார்கள். கத்தரிப்பூ நிறப் பட்டுப்புடவை. கொண்டை நிறைய மல்லிகை. நெற்றியில் கலைந்த குங்குமம்.

"அய்யோ... என்ன வுட்டுட்டுப் போய்ட்டியே...!"

ரேணுகாதேவி. அருணகிரியின் மனைவி.

தொட்டி ஓரத்தில் விழுந்து மார்பில் அடித்துக்கொண்டாள். பெண் கான்ஸ்டபிள் சாந்தம்மாள் அவளைத் தாங்கிப் பிடித்தாள்.

சக்கரவர்த்தி தொப்பியைக் கழற்றினார். "மன்னிக்கணும்மா. கேட்டுத்தான் ஆவணும். காலைல நீங்க எங்க இருந்தீங்க?"

"சந்தவாசல் மண்டபத்துல சார்... எங்க சித்தப்பா பையன் கல்யாணம். விடியக்கால முகூர்த்தம். நாத்தனார் மொற செய்ய நான்தான் மணவறைல நின்னேன். வீடியோ முழுக்க நான் இருக்கேன். மணிவேலண்ண போன் பண்ணதும், கட்டின பொடவையோட அப்படியே ஓடியாந்தேன்..."

அழுகை மறுபடி வெடித்தது.

அபிநயா அந்த அழுகையைக் கேட்கவில்லை. அவள் வாய்க்காலில் இருந்தாள்.

மாடு எதைக் குடித்தது...? வாய்க்கால் தண்ணீரை. வாய்க்காலுக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது...? மடை திறந்த தொட்டியிலிருந்து.

வாய்க்காலோடு மேலே ஏறினாள். கல் காய்ந்த இடமெல்லாம் வெள்ளை பூத்திருந்தது. தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். பிணத்தின் தோளுக்குக் கீழே, மூலையில், கரையாமல் மிஞ்சிய வெள்ளைக் குருணை. ஒரு கை அள்ளலாம்.

கர்ச்சீப்பைப் போட்டு அள்ளினாள்.

"ஏய்! ஏய்! எவிடென்ஸத் தொடாத!" சக்கரவர்த்தி பாய்ந்து வந்தார்.

"இது எவிடென்ஸுன்னு இவ்ளோ நேரம் ஒங்களுக்குத் தெரியுமா சார்?"

"அது... சுண்ணாம்பு."

"ஒரு டம்ளர் தண்ணி குடுங்க. சுண்ணாம்பான்னு பாத்துடலாம்."

"ஏய்யா, இந்தப் பொண்ணு என்ன வெளாடுதா?"

டாக்டர் பிரகாஷ்தான் ஜீப்பிலிருந்து எவர்சில்வர் டம்ளரை எடுத்து, தண்ணீர் பிடித்து நீட்டினார். அவர் முகத்தில் ஏதோ ஒரு சந்தேகம் முளைத்திருந்தது.

"நீங்களே புடிங்க டாக்டர்."

அபிநயா குருணையைக் கொட்டினாள். ஒரு குச்சியால் கலக்கினாள். வெள்ளை மறைந்தது.

சில வினாடிகள்...

"அம்மா...!"

டாக்டர் டம்ளரை இடக்கைக்கு மாற்றினார். மறுபடி வலக்கைக்கு.

டம்ளரின் வெளிப்பக்கம் மங்கியது. பொடிப் பொடியாய் நீர் முத்துகள் அரும்பின. ஐஸ் போட்ட சர்பத் டம்ளர் போல...!

"தொட்டுப் பாருங்க இன்ஸ்பெக்டர்!" டாக்டரின் குரல் உடைந்தது. "சுண்ணாம்பா இருந்தா கொதிக்கும். இது ஜில்லுனு ஆவுது!"

சக்கரவர்த்தி ஒரு விரலால் தொட்டார். விரலை இழுத்துக்கொண்டார். பிறகு உள்ளங்கை முழுவதையும் வைத்தார்.

"என்னாய்யா இது... மந்திரமா?"

"யூரியா சார்," என்றாள் அபிநயா. "கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன், ஹைட்ரஜன்... நாலும் சேந்த கரிமச் சேர்மம். நம்ம மூத்திரத்துலயும் இருக்கு, ஒர மூட்டைலயும் இருக்கு. சில பொருள் தண்ணில சேர்ந்தா சூட்ட வெளில தள்ளும். சிலது சுத்தி இருக்கற சூட்ட உறிஞ்சிக்கும். இது உறிஞ்சற ஜாதி."

"அதுக்கு?"

"ஒரு டம்ளர் தண்ணிக்கே இந்தக் குளுருன்னா, தொட்டித் தண்ணில மூட்டை மூட்டையா கொட்டினா? அதுல அப்பதான் செத்த ஒருத்தர ஊறப் போட்டா?"

டாக்டர் பிரகாஷ் தலையில் கை வைத்தார்.

"உடம்பு சூடு சீக்கிரம் எறங்கியிருக்கும்... நான் பல மணி நேரம் ஆயிடுச்சுன்னு நெனச்சேன்... அதான் விறைப்பு வரல! இன்ஸ்பெக்டர், என் கணக்கு தப்பு! இவர் விடியக்காலைல சாவல! நல்லா வெயில் வந்தப்புறம்தான் செத்திருக்கார்!"

"அப்புறம் மடையத் தொறந்து குளுந்த தண்ணிய வெளில வுட்டுட்டாங்க," அபிநயா தொடர்ந்தாள். "யாரும் கைய வச்சிப் பாக்கக் கூடாதுன்னு. அந்தத் தண்ணியத்தான் எங்க செவல குடிச்சிது. மாட்டு வயித்துக்குள்ள யூரியா அம்மோனியாவா மாறும். அதோட மூச்சுல அடிச்சது அதான்."

சக்கரவர்த்தி பல் குச்சியைத் துப்பினார்.

மெதுவாகக் கை தட்டினார்.

"சபாஷ் டீச்சர்! சபாஷ்!" குரல் திடீரென்று இறுகியது. "சாந்தம்மா! இந்தப் பொண்ணையும் சேத்துப் புடி!"

"சார்?!"

"யூரியா யாருகிட்ட இருக்கும்? வெவசாயிகிட்ட. ஒங்கப்பன் யாரு? வெவசாயி! யூரியா கரைஞ்சா குளுரும்னு இந்த மலைல யாருக்குத் தெரியும்? கெமிஸ்ட்ரி டீச்சருக்கு! அப்பன் அடிச்சான், மவ ஐடியா குடுத்தா! நீயே வந்து மாட்டிக்கினியேம்மா!"

மணிவேல் உரக்கச் சிரித்தான். "படிச்ச திமிரு சார்!"

சாந்தம்மாளின் கை அபிநயாவின் தோளில் விழுந்தது.

வீரன் துண்டை இழுத்துத் திமிறினார். "எம்மவள வுடுங்கடா! நான்தான் பண்ணேன்! நான்தான்! எழுதிக்கோங்க!"

"அப்பா! வாய மூடு!"

அபிநயா தோளைச் சிலுப்பினாள். கண்கள் ஜொலித்தன.

"கட்டுங்க சார். தாராளமா கட்டுங்க. ஆனா மூணு கேள்வி கேப்பேன். பதில் சொல்லிட்டுக் கட்டுங்க."

"கேளு."

"எங்கப்பா விடியக்காலைல பரண்ல தனியா இருந்தார். சாட்சி இல்ல. வெயில் வந்தப்புறம் எங்க இருந்தார்னு கேட்டீங்களா?"

சக்கரவர்த்தி வீரனைப் பார்த்தார்.

"ரேசன் கடைல," என்றார் வீரன். "அந்த மெசின் எங் கட்ட வெரல ஒத்துக்கவே மாட்டேங்குது. டவரும் இல்ல. தொடச்சி தொடச்சி வச்சேன். கடைக்காரன் கத்தறான், வரிசை கத்துது... பாதிக் காலை அங்கதான் போச்சி. திரும்பி வந்தா ஒங்க ஜீப்பு நிக்குது."

"ஊரே சாட்சி. மெஷினே சாட்சி," என்றாள் அபிநயா. "உண்மையான நேரத்துக்கு எங்கப்பாகிட்ட சாட்சி இருக்கு. அத விட்டுட்டு, சாட்சியே இல்லாத நேரத்துக்குச் சாவ மாத்தி வைக்க அவருக்கு என்ன பைத்தியமா?"

சக்கரவர்த்தி தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"ரெண்டாவது. இந்தப் பயிர் என்ன தெரியுமா?"

"...நெல்லு?"

பெரியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சாமை சார். சாமைக்கு யூரியா எதுக்கு? போட்டா தண்டு கொழுத்து, கதிரு பாரம் தாங்காம படுத்துக்கும். எங்க பக்கத்துல சாமைக்கு யாரும் யூரியா மூட்டை வாங்கறதே இல்ல. எந்த வூட்ல வேணா பூந்து தேடுங்க."

"கீழருந்து வாங்கியாந்திருப்பீங்க!"

"அது மூணாவது. டாக்டர், மிச்சக் குருணைய மோந்து பாருங்க. என்ன வாசனை?"

டாக்டர் முகர்ந்தார். "ஒண்ணும் இல்லியே?"

"இருக்கணும். பயிருக்கு விக்கற யூரியா மேல வேப்பெண்ணெய் பூசித்தான் வரும். லேசா மஞ்சளா இருக்கும், கசப்பு நெடி அடிக்கும். இது பால் வெள்ளை. நெடியே இல்ல. இது வயலுக்கு வந்த யூரியா இல்ல சார். டெஃப் கலக்கற யூரியா."

"டெஃப்பா?"

ஜீப் டிரைவர் குறுக்கே புகுந்தார். "அது தெரியும் சார்! புது டீசல் வண்டிக்கெல்லாம் தனி டேங்குல ஊத்துவோமே... பொகையச் சுத்தம் பண்ற தண்ணி! நம்ம ஜீப்புக்குக்கூட சந்தவாசல்ல ஊத்துவோமே... அது..."

டிரைவர் நிறுத்திக்கொண்டார். கண்கள் மணிவேலின் மேல் நிலைத்தன.

"...அது இவங்க கடைதான் சார். அருணகிரியும் இவரும் சேந்து நடத்தறது."

மணிவேலின் சிரிப்பு செத்தது.

சக்கரவர்த்தி ஒரே எட்டில் அவன் காலரைப் பிடித்தார்.

"ஏண்டா! கூட்டாளியக் கொன்னுட்டு, கூடவே நின்னு சாட்சியா சொல்ற?"

"சார்! சத்தியமா இல்ல சார்! நான் ராத்திரி ரெஸ்ட் ஹவுஸ்ல படுத்தவன்! ஃபுல்லா அடிச்சிட்டுப் படுத்தேன்! எழுந்ததே லேட்டு!"

"கூட யாரு?"

"யாரும் இல்ல சார்!"

"ஏத்துடா இவன!"

"அவரையும் வுடுங்க சார்," என்றாள் அபிநயா.

சக்கரவர்த்தி உறுமினார்.

"இன்னாம்மா நீ! நான் புடிக்கறவனையெல்லாம் வுடு வுடுங்கற! ஒண்ணு செய், இந்தத் தொப்பிய நீ போட்டுக்கோ!"

"கோவப்படாதீங்க. விடியக்காலைல எங்க இருந்தேன்னு இவராலயும் காட்ட முடியல. அப்புறம் சாவ விடியக்காலைக்கு நகத்தி இவருக்கு இன்னா லாபம்? அதுல லாபம் யாருக்கு? அந்த நேரத்துல, எல்லார் கண்ணு முன்னாடியும், வீடியோ வெளிச்சத்துல... நின்னவங்களுக்கு!"

எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பின.

தொட்டி ஓரத்தில் அழுகை நின்றிருந்தது.

ரேணுகாதேவி நிமிர்ந்தாள். "இன்னாடி சொல்ற?"

"ஒங்க பொடவையச் சொல்றேங்க. அது மடங்கவே இல்லியே...?"

பட்டு. எவ்வளவு புதுசாக இருந்தாலும், உட்கார்ந்தால் தரையில் குழைந்து விழ வேண்டும். ரேணுகாதேவியின் புடவைக் கரை ஒரு சாண் உயரத்துக்கு அட்டை போல் விறைத்து நின்றது. கத்தரிப்பூ நிறத்தில் ஒரு வெள்ளைக் கோடு.

"கோலமாவு! மண்டபத்து வாசக் கோலத்துல பட்டுச்சி!"

"கோலமாவு தண்ணில கரையாது. பாக்கலாமா?"

அபிநயா வாளியைத் தூக்கினாள். யாரும் தடுப்பதற்குள், புடவைக் கரையில் சளேரென்று ஊற்றினாள்!

வெள்ளைக் கோடு...

காணாமல் போனது!

பட்டு குழைந்து தரையில் விழுந்தது.

சாந்தம்மாள் அனிச்சையாக ரேணுகாதேவியின் மணிக்கட்டைப் பிடித்தாள். திடுக்கிட்டாள். "சார்... இன்னா சார் இது, கைய்யி இரும்பாட்டம் கீது!"

"இருக்காதா பின்ன?"

ரேணுகாதேவி சிரித்தாள். கண்ணீரைப் புறங்கையால் ஒரே துடைப்பாகத் துடைத்தாள்.

"மூட்ட தூக்கின கைடி அது! அந்தக் கடைல தெனம் யூரியாவ ஏத்தி எறக்கி, தண்ணில கொட்டிக் கலக்கறது யாருன்னு நெனச்ச? இந்த மணிவேலா? எம் புருசனா? ரெண்டு பேரும் கல்லாப்பெட்டிய மட்டும்தான் தொடுவாங்க! ஒவ்வொரு வாட்டியும் தண்ணி பனிக்கட்டியா ஆயிடும்... வெந்நி ஊத்தாம கரைக்கவே முடியாது. வெரலு மரத்துப் போய், சோறு பெசையக்கூட வராது எனக்கு. ஒங்க புஸ்தகத்துல அதுக்கு ஒரு பேரு இருக்கும். எங்கிட்ட கொப்புளம் இருக்கு!"

"ஏம்மா கொன்ன?" சக்கரவர்த்தியின் குரல் இறங்கியிருந்தது.

"கடைய விக்க அட்வான்ஸ் வாங்கிட்டான் சார். எங் கைல வளந்த கடை. பத்திரம் அவன் பேர்ல. கேட்டா, மலைல ரிசார்ட் கட்டறேன், நீ அங்க வந்து சமைச்சிப் போடுன்னான்! இந்தப் பெரியவர் தொட்டிய வச்சி மெரட்டினார்னு நேத்து அவனே போன்ல சொல்லிச் சிரிச்சான். போதாதா? தாலி கட்டி முடிச்சதும் பந்திக்கு நிக்காம மலையேறினேன். எடத்தக் காட்டுங்கன்னேன். பெருமையா கூட்டியாந்தான். குனிஞ்சி தண்ணியக் காட்டினான்... கல்லு பக்கத்துலயே கெடந்துச்சி. மூட்டைங்க கார் டிக்கில இருந்துச்சி; கொட்டி, ஊறவச்சி, மடையத் தொறந்துட்டு, மலையடிவாரத்துக்கு எறங்கி போனுக்குக் காத்திருந்தேன்."

"அடைப்புக்கட்டையப் புடுங்கக் குனிஞ்சப்ப கரை நனைஞ்சிது," என்றாள் அபிநயா.

"பொடவைய மாத்தியிருப்பேன். வீடியோல இதானே இருக்கு!" ரேணுகாதேவி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒரு மாடு தண்ணி குடிக்காம இருந்திருந்தா ஒங்கப்பன் உள்ள போயிருப்பான்டி."

"போயிருக்க மாட்டார். நான் வுட்டிருக்க மாட்டேன்."

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் கண்ணைத் திருப்பியவள் ரேணுகாதேவி.

சக்கரவர்த்தி தொண்டையைச் செருமினார். "ஏய் கான்ஸ்டபிள்... பெரியவர அவுத்து வுடு."

"அவர் வேணாம்." அபிநயா குறுக்கே நின்றாள். "கட்டச் சொன்ன கைதான் அவுக்கணும்."

"டீச்சர்... இவ்ளோ பேரு பாக்கறாங்க..."

"கட்டும்போதும் இவ்ளோ பேரு பாத்தாங்க சார்."

இன்ஸ்பெக்டர் சக்கரவர்த்தி நடந்தார். குனிந்தார். முடிச்சை அவிழ்த்தார். அது லேசில் அவிழவில்லை. பல்லால் கடித்து அவிழ்த்தார்.

வீரன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வாய்க்கால் பக்கம் நடந்தார். எழுந்து நின்றிருந்த செவலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டார்.

*

ரேணுகாதேவியைப் பின்சீட்டில் ஏற்றி, சாந்தம்மாள் பக்கத்தில் உட்கார்ந்ததும் ஜீப் உறுமியது.

உறுமி... இருமியது.

"இன்னாய்யா ஆச்சு?"

டிரைவர் தலையைச் சொறிந்தார். "டெஃப் தீரப் போவுது சார். செவப்பு லைட்டு மின்னுது."

பின்சீட்டிலிருந்து குரல் வந்தது. நிதானமாக.

"நம்ம கடை வழியாத்தானே சார் போறீங்க? நிறுத்தி ஊத்திக்கோங்க. நேத்துதான் புதுசா கலக்கி வச்சேன்... போலீசு வண்டிக்கு நான் காசு வாங்கறதில்ல!"

சக்கரவர்த்தி அவசரமாகக் கையை ஆட்டினார்.

"வேணாண்டா சாமி! மலை எறக்கம்தானே... உருட்டிக்கினே போயிடு!"